கால் எட்டாத திவான்

...இல்ல, நீயே சொல்லு தங்கச்சி, சாப்பிட்ட கை ஈரம் காயறதுக்குள்ள செருப்ப மாட்டிட்டு எறங்கிப் போற மனுஷன என்னதான் பண்றது? வெள்ளிக்கிழமை மத்தியானம் வாராரு. ஞாயித்துக்கிழமை விடிஞ்சா லாரிய எடுத்துட்டுக் கெளம்பிருவாரு. அகாதீர்ல மீன ஏத்தணும், தாஞ்சியர்ல எறக்கணும், மறுபடியும் அகாதீரு. வாரம் பூரா ரோடுதான். நடுவுல நமக்குன்னு இருக்கறது இந்த ஒண்ணரை நாளு. அதுல பாதி தூக்கத்துல போயிருது. மீதியையாவது வீட்டுல உக்காந்து, என் மூஞ்சியையும் புள்ளைங்க மூஞ்சியையும் பாத்துக் கழிக்கட்டும்னுதானே இந்த ஹால இழைச்சு இழைச்சுப் பண்ணேன்? இன்னைக்கும் குஸ்குஸ் தட்ட நான் எடுத்து வச்சுட்டுத் திரும்பறேன்... ஆளக் காணோம்!

அட, நீ வாசல்லயே நிக்கறியே, நான் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கேன். உள்ள வா ஷாமா. ஏதோ கேக்கத்தானே வந்தே? கேக்கலாம், கேக்கலாம், மொதல்ல வா. நீ கீழ்வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாசம் ஆகப் போகுது, நான் இன்னும் ஒரு தடவ கூட எட்டிப் பாக்கல. தப்புதான். இந்த ஹால் என்னை விட்டாத்தானே! தூசி தட்டி, உறைய இழுத்துவிட்டு, தலையணைய நிறுத்தி... முடிக்கறப்ப பொழுது சாஞ்சுருது.

செருப்ப அந்தத் துணிமேல விட்டுரு. என்னது, ஆம்பளச் செருப்பு! ஹா! ஒரு செருப்புல ரெண்டு காலு போகும் போலிருக்கே. நானும் உன்ன மாதிரிதான், அவசரத்துல வாசல்ல எது கெடக்கோ அதுல கால நுழைச்சுட்டு ஓடுவேன். வெள்ளிக்கிழமையானா இந்தக் கட்டடத்துல அத்தனை ஆம்பளைங்களும் இதே மஞ்சத் தோல் செருப்புதான், தொழுகைக்குப் போறேன்னு. ஏன் ஒரு மாதிரி முழிக்கறே? பரவால்ல, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

நீ எதுக்கு வந்தேன்னு எனக்குத் தெரியும். வெக்கப்படாதே. ஹால் எப்படிப் போடறதுன்னு கேக்கத்தானே? நீங்க சாமான் எறக்கினப்ப ஜன்னல்ல நின்னு பாத்தேன். ஒரே ஒரு செவப்பு மெத்தை, சுருட்டின பாய், தேநீர்த் தட்டு, டிவி. அவ்ளோதான்! எனக்குப் பதறிப் போச்சு. புதுசா கல்யாணமான பொண்ணு, நாலு பேரு வந்தா எங்க உக்காருவாங்கன்னு. கவலைப்படாதே. எல்லாரும் மொதல்ல ஒண்ணும் தெரியாதவங்கதான். நான் சொல்லித் தரேன். ஒண்ணு ஒண்ணா... இங்க வா, ஹாலப் பாரு மொதல்ல.

ம்? எப்படி?

வாயடைச்சுப் போச்சா! எல்லாருக்கும் அப்படித்தான்.

சுவரச் சுத்தி மூணு பக்கமும் உக்கார நீள நீளமா திவான். தேவதாரு மரம், எங்க ஊரு அஸ்ரூ பக்கத்து மரம், மோந்து பாரு, இன்னும் வாசன இருக்கு. துணி மயில்கழுத்து நீலம், அதுல பொன் பூவு. இந்த நீலத்துக்காக எங்க நாத்தனாரக் கூட்டிட்டுக் கடை கடையா ஏறி எறங்கினேன். அவ பழுப்பு எடு, பழுப்பு எடு, அழுக்கு தெரியாதுங்கறா. அழுக்கு தெரியாம இருக்க அழுக்குப் படணுமே! நான் படவிட்டாத்தானே? அதான் மேல இந்தப் பிளாஸ்டிக் உறை. நல்ல கனம். கையால அழுத்திப் பாரு... சத்தம் வரும், அது ஒண்ணுமில்ல, பழகிரும்.

ஏறி உக்காரு. ஏறுன்னா ஏறத்தான் வேணும். இந்தா முக்காலி. ஒரு காலு இதுல வை, கைய சுவத்துல ஊணு... ஆங், அப்படித்தான். வழுக்குது பாரு, கெட்டியாப் பிடிச்சுக்க! தலையணையப் பிடிக்காதே, அது வரிசையா நிக்கட்டும். விளிம்பப் பிடி. கால் தொங்குதா? எனக்கும் தொங்கும். எங்க ஹிபாவுக்கு ஆறு வயசு, அவளுக்கு ஆடுது. எங்க அத்தைக்கு, அவரப் பெத்தவங்களுக்கு... அத விடு, அது பெரிய கதை.

இல்ல, சொல்றேன், உனக்கு உதவும்.

திவானுக்கு உயிரே கம்பளிதான். கடையில விக்கற பஞ்சு நுரையெல்லாம் வாங்கிடாதே. உக்காந்து எழுந்தா ஆளோட அச்சு அப்படியே நிக்கும். எங்க ஊர்ல குழி விழுந்த திவான் இருக்கற வீட்டப் பத்தி ஒரு மாதிரியாப் பேசுவாங்க. எங்க நாத்தனார் வீட்டுல போய் உக்காரு, கிணத்துல எறங்கின மாதிரி இருக்கும், எழுப்பிவிட ஆள் வேணும். அதனால நான் எங்கப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். ஆட்டு ரோமம் கத்திரிச்சு மூட்டை மூட்டையா அனுப்பிட்டாரு. மொட்டை மாடியில போட்டுக் கழுவினேன் பாரு, அல்லாவே! தண்ணி கருப்பா போகுது, போயிட்டே இருக்கு, ஆட்டுப் புழுக்கையும் முள்ளும் மெதக்குது. எதிர்வீட்டுக்காரி துணி காயப்போட வந்தவ மூக்கப் பொத்திட்டு எறங்கிப் போயிட்டா. காய வச்சு, கையால பிச்சுப் பிச்சு மேகம் மாதிரி ஆக்கி... அன்னைக்கெல்லாம் தும்மல்ல கூட கம்பளிதான் வந்துச்சு.

அப்புறம் மெத்தை தைக்கறவர வரச் சொன்னேன். அவரு கோணூசியும் கையுமா உக்காந்து அடைச்சுட்டு, இது போதும் மகளேன்னாரு. நான் அமுக்கிப் பாத்தேன். எறங்குது. இன்னும் அடைங்கன்னேன். அடைச்சாரு. அமுக்கினேன், கொஞ்சமா எறங்குது. இன்னும்னேன். அவரு தாடியச் சொறிஞ்சுட்டு, "இதுக்கு மேல போனா இது மெத்தை இல்லம்மா, மதிலு"ன்னாரு. காசு வாங்கறவருக்கு ஏன் இவ்ளோ பேச்சு? கழுவினது நான், கம்பளி எங்கப்பாவுது, மிச்சம் வச்சு என்ன பண்றது? எல்லாத்தையும் அடைக்க வச்சேன். இப்ப அமுக்கு. உன் பலம் பூரா போட்டு அமுக்கு. எறங்குதா? எறங்காது! என் பேரன் காலத்துலயும் எறங்காது!

என்ன, ஒரே ஒரு சின்ன விஷயம். நான் அளவெடுத்தேன், பொய் சொல்லல. எங்க ஊரு பள்ளிக்கூடத்துல வாத்தியாரு நல்லாச் சொல்லிக் கொடுத்திருக்காரு. நீளம் அளந்தேன். அகலம் அளந்தேன். மூலைக்கு மூலை கூட அளந்தேன். உயரத்த அளக்கணும்னு எவளுக்குத் தோணும்? தச்சன்கிட்ட, அடியில கம்பளமும் பெட்டியும் வைக்க எடம் வேணும்னு திவான் காலக் கொஞ்சம் உசத்தி வைக்கச் சொன்னேன். அது ஒரு உயரம். மேல கம்பளி ஒரு உயரம். ரெண்டும் சேந்து...

அவரு வந்தாரு அந்த வெள்ளிக்கிழமை. நான் கண்ண மூடச் சொல்லிக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். பிஸ்மில்லான்னு ஏறி உக்காந்தாரு. சுத்தும் முத்தும் பாத்தாரு. என்ன சொல்லணும் ஒரு புருஷன்? பேரச் சொல்லி, அழகா இருக்கு இட்டோ, உன் கைக்கு வளையல் போடணும்னு சொல்லணுமா இல்லையா? "ஸ்டியரிங் எங்க?"ன்னாரு.

சிரிக்காதே! எனக்கு வந்த கோவம்! "வாரம் பூரா இந்த உயரத்துலதான்மா உக்காந்திருந்தேன், அங்கயாவது கால் வைக்க பிரேக்கு இருக்கும்"ங்கறாரு. அத்தை பக்கத்துல உக்காந்து சிரிக்கறாங்க, சிரிச்ச வேகத்துல பிளாஸ்டிக்ல வழுக்கி அப்படியே... மெதுவா... கீழ வந்துட்டாங்க. அடி ஒண்ணும் படல. கம்பளம் நல்ல கம்பளம். அது இன்னொரு சமாச்சாரம், ஞாபகம் வச்சுக்க, கம்பளத்துல சிக்கனம் பண்ணாதே.

இரு, இரு. எழுந்திருக்காதே. தலையணையப் பத்தி இன்னும் சொல்லவே இல்லையே.

தலையணைய சும்மா சாத்தக் கூடாது. ஒரு முனை வானத்தப் பாக்கணும். நடுவுல கையால ஒரு வெட்டு, இப்படி, ரெண்டு காது எழும்பணும். போன்ல ஒரு பொண்ணு வீடியோ போடறா, புதுசா வீடு போடறவங்களுக்குன்னே. எல்லாம் அவகிட்டதான் கத்துக்கிட்டேன். விளக்கு மூலையில இருக்கணும், திரை தரையத் தொடணும், ஒரே நிறத்துல மூணு பொருளு இருக்கணும். நல்லாச் சொல்றா. மொதல்ல மட்டும் எதோ வளவளன்னு இழுக்கறா, இந்த ரூம்ல தினம் யாரு உக்காரப் போறாங்க, அவங்களுக்கு என்ன புடிக்கும், அதக் கேளுங்க அப்படி இப்படின்னு. அந்த எடத்த நான் தள்ளி ஓட்டிட்டேன். நேரா தலையணைக்குப் போயிட்டேன்.

தலையணைய வெட்டி நிறுத்திட்டோம்னா அப்புறம் அதுல சாயக் கூடாது. அதுதான் நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்குப் புரிய மாட்டேங்குது. அவரு சாயறாரு. நான் எழுந்து வந்து காத நிமித்தறேன். மறுபடி சாயறாரு. நான் மறுபடி நிமித்தறேன். சூரியகாந்தி விதை கொறிக்கறாரு, நான் பக்கத்துலயே தட்ட ஏந்திட்டு நிக்கறேன், ஒரு தோலு கீழ விழுந்துரக் கூடாதே! டிவி இங்க வைக்கலாம்னாரு. அழகு கெட்டுரும்னேன். சமையக்கட்டுல இருக்கு, அங்க முக்காலி போட்டுப் பாருங்கன்னேன். புள்ளைங்க? கால் கழுவி, துடைச்சு, காலுறை போட்டு, அதுக்கப்புறம்தான் உள்ள. சின்னவன் இலியாஸ் கையில பிஸ்கோத்து இருந்தா வாசலோட சரி. இதெல்லாம் ஒரு ஒழுங்கு இல்லையா? இவ்ளோ சொகுசு பண்ணி வச்சா, அந்தச் சொகுச காப்பாத்த வேணாமா?

நீ ஏன் கதவப் பாத்துட்டே இருக்கே? அடுப்புல ஏதாவது வச்சுட்டு வந்தியா? இல்லைல்ல? அப்புறம் என்ன.

...கேட்டியா? கேட்டியா இப்ப! உன் புருஷன் சிரிப்பு! கட்டடத்து நடுவுல காத்துக்கு விட்ட சந்து வழியா நேரா என் சமையக்கட்டு ஜன்னலுக்கு வந்துருது. வெள்ளி, சனி ரெண்டு நாளும் கேப்பேன். என்னா சிரிப்பு! படிப்படியா ஏறி, உச்சியில போய் மூச்சு முட்டி, கடைசியில இருமல்ல வந்து முடியும். பாத்திரம் கழுவிட்டே நெனச்சுக்குவேன், குடுத்து வச்சவ ஷாமா, ஒரு மெத்தையும் பாயும்தான் இருக்கு, ஆனா வீட்டுல ஆம்பள உக்காந்து சிரிக்கறான்னு. தப்பா எடுத்துக்காதே, கண்ணு போடல, மாஷா அல்லா, மாஷா அல்லா. எங்க அவரும் அப்படித்தான், கல்யாணமான புதுசுல. அச்சு அசலா அதே மாதிரி, இருமல்லதான் முடியும். எங்கப்பா கூட, மாப்பிள்ளை நெஞ்சுல ஏதாவது கோளாறான்னு கேட்டாரு. இப்ப எங்க சிரிக்கறாரு? ஹால் முடிஞ்சதுலேருந்து நான் கேக்கவே இல்ல.

உனக்கு என்ன இருமல்? தண்ணி வேணுமா? மூஞ்சியெல்லாம் செவந்து போச்சே. எறங்காதே, எறங்காதே, நான் கொண்டு வரேன். இந்தா. பாத்து, பிளாஸ்டிக்ல சிந்தாம.

நான் எதச் சந்தேகப்படறேன்னு தெரியுமா? அந்த முக்குல இருக்கு பாரு டீக்கடை, அங்கதான் போறாரு. வாய தொறந்து சொல்ல மாட்டேங்கறாரு. "கொஞ்சம் கால நீட்டிட்டு வரேன்"ங்கறாரு. ஏன், இங்க நீட்டினா என்ன? சரி, இங்க நீட்டினா அந்தரத்துல நிக்கும், ஒத்துக்கறேன், ஆனாலும்! என் கவலை உனக்குப் புரியுதா ஷாமா? இப்படியே பழகிட்டா நாளைக்கு வெள்ளிக்கிழமை கூட வர மாட்டாரு. தாஞ்சியர்லயே தங்கிட்டேன், அகாதீர்லயே தூங்கிட்டேன்னு போன் வரும். எங்க சித்தி வீட்டுல அப்படித்தான் ஆச்சு. ஒரே வாரத்துல ஒண்ணும் ஆகல. கொஞ்சம் கொஞ்சமா. வீட்டுல உக்கார எடம் பழகலேன்னா மனுஷன் வெளிய எடம் தேடிக்குவான்... அதுக்குத்தான் பயந்து பயந்து இவ்ளோ அழகா பண்ணேன். இத விட அழகா எப்படிப் பண்றது?

அவரு மட்டும்னா பரவால்ல. எங்க அத்தையப் பாரு. முட்டிவலி, ரெண்டு படி ஏற முனகறவங்க. தினம் சாயங்காலமானா சின்னவன இடுப்புல தூக்கிட்டு, மொட்டை மாடியில வெயில் காயப் போறேன்னு கெளம்பிருவாங்க. நேத்து மழை. கொட்டு கொட்டுன்னு கொட்டுது. நேத்தும் வெயில் காயப் போனாங்க! திரும்பி வந்தா துணியில எள்ளு வாசனையும் புதினா வாசனையும். மாடியில யாரு எள்ளு ரொட்டி சுடறா? கேட்டா, காது கேக்காத மாதிரி தஸ்பீஹ் மணிய உருட்டறாங்க. ஹிபாவாவது நேரா சொல்லிட்டு உன் வீட்டுக்கு வாரா. தொல்லை பண்றாளா? காலக் கழுவச் சொல்லி உள்ள விடு... ஏன், கழுவாமலேயே விட்டுடறியா? ஐயோ, மெத்தை என்னாகும்!

இவ்ளோ பெரிய ஹாலு. காது தூக்கின தலையணைங்க. நடுவுல நான் ஒருத்தி, கையில துணிய வச்சுக்கிட்டு. சில நாள் தலையணைங்ககிட்டயே பேசறேன் தங்கச்சி. அதுங்களாவது காத நிமித்தி வச்சுக் கேக்குதுங்க.

சரி சரி, எறங்கு, நீ தவிக்கறது தெரியுது. முக்காலி இந்தப் பக்கம். மெதுவா. என்ன கேக்க வந்தே, இப்ப சொல்லு. தேநீர்க் கிளாஸா? அட, இதுக்கா இவ்ளோ நேரம் தயங்கினே! எத்தனை வேணும்? ஆறா? உன் வீட்டுல ஆறு பேரா? விருந்தாளி வந்திருக்காங்களா? சொல்லக் கூடாதா, நான் உன்ன இங்க உக்கார வச்சு வளவளன்னு பேசிட்டு இருக்கேன்! இந்தா, இது என் நல்ல கிளாஸு, பொன் விளிம்பு போட்டது, இன்னும் யாரும் வாய் வைக்கல. வெள்ளித் தட்டோட எடுத்துட்டுப் போ. யாரு, உங்க பக்கத்துச் சொந்தமா? மாமியாரா? தலைய தலைய ஆட்டறியே, யாருன்னு சொன்னா என்ன?

நீ தட்டப் பிடி, ரெண்டு கையாலயும் பிடி. செருப்ப நான் திருப்பி வைக்கறேன், வாசல் பக்கமா, நீ கால நுழைச்சுட்டுப் போயிரலாம். அடடா, என்ன கனம் இந்தச் செருப்பு. உன் புருஷன் ஹம்மாதி ஒல்லியா ஊசி மாதிரி இருப்பானே, அவனுக்கா இவ்ளோ பெரிய...

...

குதிகால்ல நீல நூல் தையலு.

இந்த நூலு... மயில்கழுத்து நீலம். திவான் ஓரம் தெச்சது போக மிச்சம். நான்தானே தெச்சேன். போன வாரம், அவரு செருப்புக் குதிகால் பிஞ்சு நாறா தொங்குச்சுன்னு, பல்லால நூலக் கடிச்சு நான்தானே...

ஷாமா.

இத உன் வீட்டு வாசல்லேருந்தா மாட்டிட்டு வந்தே?

டீக்கடை இல்லையா?

அப்போ அந்தச் சிரிப்பு... அது ஹம்மாதி இல்லையா? தலைய ஆட்டாதே, வாயால சொல்லு. இல்ல, வேணாம், சொல்லாதே. எனக்கே தெரியும். இருமல்ல முடியற சிரிப்பு ஊருக்கு ரெண்டா இருக்கும்? ஒரு மாசமா ஜன்னல்ல நின்னு என் புருஷன் சிரிப்பக் கேட்டு உன் மேல பொறாமப்பட்டுட்டு இருந்திருக்கேன்!

அத்தை? அவங்களுமா! மழையில வெயில் காஞ்சது உன் வீட்டுலதானா? இலியாஸு? பிஸ்கோத்தோடயா?

எல்லாரும் அந்த ஒரே மெத்தையிலயா? அவரு எங்க உக்காருவாரு? தரையில... சுவத்துல முதுகு சாச்சுட்டு, கால நீட்டிட்டு. ம். அத்தை மெத்தையில. புள்ளைங்க அவரு கால் மேல. விதைத் தோல எங்க துப்பறாரு? பாயிலயேவா! நீ ஒண்ணும் சொல்றதில்லையா? பெருக்கிக்கலாம்னு விட்டுருவியா...

என்ன சொன்னாரு என்னைப் பத்தி? கோவிச்சுக்க மாட்டேன். சத்தியமா. சொல்லு.

"எங்க வீட்டுல நான் விருந்தாளி, இங்கதான் வீட்டுக்காரன்"னா சொன்னாரு?

...

அப்படியா சொன்னாரு.

அழல. கண்ணுல கம்பளி விழுந்துருச்சு. சிரிப்பும் வருது, பாரு, என்ன கண்றாவி இது! எங்கிட்ட ஏன் சொல்லலையாம்? நான் இவ்ளோ கஷ்டப்பட்டுப் பண்ணேன், மனசு ஒடிஞ்சு போவேன்னா? அத்தையுமா அதையே சொன்னாங்க? அந்த வாயி அவ்ளோ நல்ல வார்த்தை கூட சொல்லுமா!

நீயும் பாவம், உண்மைய தொண்டையில வச்சுக்கிட்டு இவ்ளோ நேரம் அந்த மதில் மேல உக்காந்து வழுக்கிட்டு இருந்திருக்கே.

இரு. தட்டக் கீழ வை. எங்க அந்தக் கத்தரிக்கோலு... இந்தா. மொதல்ல இந்தப் பிளாஸ்டிக்கு. அப்பா, என்ன சத்தம், செத்துப் போற பாம்பு மாதிரி! போய்த் தொலை. மெத்தைய நாளைக்குப் பிரிக்கறேன். அவரையே பிரிக்க வைக்கறேன், ஸ்டியரிங் கேட்டாருல்ல, கோணூசியப் பிடிக்கட்டும். ஒண்ணுக்குள்ள ரெண்டு மெத்தைக்குக் கம்பளி அடைச்சு வச்சிருக்கேன், மிச்சத்துல உனக்கு ஒரு திவானே வந்துரும். தச்சன வரச் சொல்லி காலையும் அறுக்கணும். தேவதாரு... பரவால்ல, அறுக்கட்டும். டிவி இங்க வரட்டும். விதையையும் இங்கயே துப்பட்டும். இல்ல, அதுக்கு ஒரு தட்டு. ஒரு தட்டு வைக்கறேன், பக்கத்துல நிக்க மாட்டேன். அவ்ளோதான் என்னால முடியும்.

நீ கிளாஸ எடுத்துக்க. நான் தலையணைங்கள எடுத்துக்கறேன். காதா? காது கெடக்குது! இந்த ரெண்டு அத்தை முட்டிக்கு, இது அவரு முதுகுக்கு. எல்லார் மேலயும் தெளிக்க ரோஜாத் தண்ணி கூட எடுத்துக்கட்டுமா? வேணாம், மறுபடி ஆரம்பிச்சுருவேன்.

செருப்பு உனக்கு வேணாம், கழட்டு, நீ வெறுங்காலோட எறங்கு. அத நான் மாட்டிக்கறேன். என் புருஷன் செருப்பு, நான் போடாம யாரு போடறது?

நீ முன்னால போ தங்கச்சி. போய் நான் வரேன்னு அவர்கிட்ட சொல்லு. பயந்து எழுந்து நிக்க வேணாம், காலையும் மடக்க வேணாம். கொஞ்சம் நகந்து மட்டும் உக்காரச் சொல்லு. இந்த ஹால் முடிஞ்ச நாள்லேருந்து நான் இன்னும் எங்கயும் உக்காரவே இல்ல.